வேட்டை, மீன்பிடி உரிமம் விற்கும் கடைகளுக்கான விதிகள்: எதைத் தளர்த்தலாம், எதில் கை வைக்கக் கூடாது?

ஏரிக்கரை:
அமெரிக்காவில் வேட்டை உரிமமும் மீன்பிடி உரிமமும் மாநில அரசு கொடுப்பவை. ஆனால் அதை நம் கையில் அச்சடித்துக் கொடுப்பது தூண்டில் கடை, ஹார்ட்வேர் கடை, கேஸ் ஸ்டேஷன் கவுன்டர், வால்மார்ட்டின் விளையாட்டுப் பொருள் பிரிவு போன்ற இடங்கள். இவர்களுக்கு 'முகவர்' என்று பெயர். மாநிலத்துக்கு மாநிலம் இவர்கள் மேல் விதிகள் உண்டு: பிணைப் பத்திரம் (முகவர் பணம் கட்டத் தவறினால் அரசுக்கு ஈடு) கொடுக்க வேண்டும், வருஷத்துக்கு இத்தனை உரிமமாவது விற்க வேண்டும், இவ்வளவுதான் கமிஷன், இன்ன வகை உரிமத்தை இன்னார்தான் விற்கலாம், வாங்குபவரிடம் இன்னின்ன கேள்வி கேட்டே ஆக வேண்டும்.

"விதிகளைத் தளர்த்துவோம்" என்று யாராவது சொன்னால் இந்த ஐந்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். என் பார்வையில் முதல் நான்கும் ஒரு ரகம், கடைசியில் உள்ளது வேறு ரகம். கடை நடத்துபவர்கள், உரிமக் கணக்கு தெரிந்தவர்கள், மாநில அமைப்புகளோடு வேலை செய்தவர்கள் விவரமாக எழுதுங்கள். பொதுவான கருத்து வேண்டாம், எண்ணோடு பேசுவோம்.

கணக்குப்பிள்ளை:
பிணைப் பத்திரத்திலிருந்து தொடங்குகிறேன். அது ஏன் வந்தது என்று தெரிந்தால்தான் எடுக்கலாமா என்று சொல்ல முடியும்.

கணினி வருவதற்கு முன்னால் மாநிலம் முகவருக்கு வெற்று உரிமப் புத்தகங்களைக் கொடுத்துவிடும். வரிசை எண் போட்ட தாள், கார்பன் நகல். விற்கும் வரை அந்தப் புத்தகம் பணத்துக்குச் சமம். தொலைந்தாலோ எரிந்தாலோ அதன் முகமதிப்பை முகவர்தான் கட்ட வேண்டும். விற்ற பணத்தை மாதக் கடைசியில் காசோலையாக அனுப்புவார்கள். ஆக ஒரு சின்னக் கடையில்கூட பல ஆயிரம் டாலர் அரசுச் சொத்து எந்நேரமும் இருக்கும். அதற்குத்தான் பிணை.

இப்போது மாநில அமைப்போடு இணைந்த கணினி முனையத்தில் விற்றால்தான் உரிமமே பிறக்கிறது. வெற்றுத் தாளுக்கு மதிப்பு எதுவும் கிடையாது. பணத்தையும் மாநிலமே முகவரின் வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்கிறது, பல மாநிலங்களில் வாரத்துக்கு ஒரு முறை. எனவே மாநிலத்துக்கு உள்ள அபாயம் ஒரு வாரத்து விற்பனை மட்டும்தான். வருஷத்துக்கு 150 உரிமம் விற்று, ஒன்றுக்கு 1 டாலர் வீதம் 150 டாலர் சம்பாதிக்கிற தூண்டில் கடைக்காரர், அதில் பெரும்பகுதியைப் பிணைக்கான பிரீமியமாகக் கட்டினால் ஏன் விற்கப் போகிறார்?

ஆனால் பிணையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒன்றையும் வைக்காமல் விட்டால் தப்பு. தவறு நடக்கும் இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான்: சீசன் திறக்கும் வார இறுதி. 20.97 டாலர் உரிமம் 400 விற்றால் 8,388 டாலர். கமிஷன் 400 போக 7,988 டாலர் மாநிலத்தின் பணம். கடைக்காரர் சனி, ஞாயிறு வசூலைச் செவ்வாய்க்கிழமை வங்கியில் போடுகிறார், திங்கட்கிழமையே மாநிலம் எடுக்க வருகிறது. கணக்கில் பணம் இல்லை, டெபிட் திரும்புகிறது, முனையம் பூட்டப்படுகிறது. அதுவும் விற்பனை உச்சத்தில் இருக்கும் வாரத்தில். இது திருட்டு கிடையாது, வசூல் வங்கிக்குப் போகும் நாளும் டெபிட் வரும் நாளும் ஒத்துவராததுதான்.

பிணைக்கு மாற்று இரண்டு: உரிமப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, அதோடு, வசூலாகாத தொகை ஒரு வரம்பைத் தொட்டால் அன்றைக்கே எடுத்துக்கொள்ளும்படி அமைப்பில் ஏற்பாடு. புது முகவருக்கு 1,000 டாலர் வரம்பு வைத்து, ஒரு சீசன் ஒழுங்காக நடந்தால் ஏற்றிக்கொண்டே போகலாம்.

தூண்டில்முள்:
கமிஷன் பற்றியும் சொல்லுங்கள் அண்ணா. கடைகள் விலகுவதற்குப் பிணையைவிட அதுதான் பெரிய காரணம்.

கணக்குப்பிள்ளை:
சரி. பென்சில்வேனியாவையும் டெக்சாஸையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

பென்சில்வேனியாவில் ஓர் உரிமத்துக்கு முகவருக்கு 1 டாலர். உள்மாநிலப் பெரியவருக்கான வேட்டை உரிமம் 20.97. அதில் 97 சென்ட் அமைப்பை நடத்துவதற்கான பரிவர்த்தனைக் கட்டணம். வாங்குபவர் கிரெடிட் கார்டு நீட்டினால், 2.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் 52 சென்ட் கார்டு கம்பெனிக்குப் போகிறது. மிச்சம் 48 சென்ட். வெளிமாநிலத்தவருக்கு அதே உரிமம் 101.97. கார்டுக்கு 2.55 டாலர். முகவருக்கு வருவது அதே 1 டாலர்தான். ஆக ஒவ்வொரு வெளிமாநில உரிமத்திலும் கடைக்காரர் கையிலிருந்து ஒன்றரை டாலர் போகிறது.

டெக்சாஸில் முகவருக்கு விலையில் 5 சதவீதம். உள்மாநில வேட்டை உரிமம் 25 டாலர் என்றால் 1.25. வெளிமாநிலத்தவரின் பொது வேட்டை உரிமம் 315 டாலர் என்றால் 15.75, கார்டுச் செலவு 7.88 போனாலும் கையில் நிற்கும். கலிபோர்னியாவிலும் முகவர் கட்டணம் 5 சதவீதம், உரிம விலையின் மேல் ஏற்றி வாங்குகிறார்கள்.

'உரிமத்துக்கு ரொக்கம் மட்டும்' என்று சில கவுன்டர்களில் எழுதி ஒட்டியிருப்பதற்குக் காரணம் இதுதான். நிலையான கட்டணம் கார்டு வருவதற்கு முந்தைய காலத்து ஏற்பாடு. தளர்த்துவதாக இருந்தால் முதலில் இதைத் தொட வேண்டும்: சதவீதத்துக்கு மாற்றுங்கள், அல்லது 1 டாலரும் கார்டுச் செலவும் என்று பிரித்து வாங்க விடுங்கள். உரிம விலையை ஏற்றாமல் முகவர் பங்கை மட்டும் கூட்டினால் அந்தப் பணம் வனவிலங்கு நிதியிலிருந்துதான் குறையும். அதை எவரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை.

மலைமுகடு:
'இன்னார்தான் விற்கலாம்' என்ற விதிக்குப் பென்சில்வேனியாவைவிட நல்ல உதாரணம் கிடையாது. கொம்பில்லா மான் உரிமத்தை அங்கே பல பத்தாண்டுகளாக கவுன்டி டிரஷரர் (மாவட்டப் பொருளாளர்) அலுவலகம் மட்டுமே விற்றது.

நடைமுறை இப்படி: விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து, கவுன்டி டிரஷரர் பெயருக்குக் காசோலை எழுதி, இளஞ்சிவப்பு நிற அரசு உறையில் போட வேண்டும். போக ஒன்று, திரும்பி வர ஒன்று என்று இரண்டு தபால்தலை. ஓர் உறையில் அதிகபட்சம் 3 விண்ணப்பம். விண்ணப்பத்தில் முதல் விருப்ப வேட்டை மண்டலம், இரண்டாவது, மூன்றாவது என்று எழுத வேண்டும். தபால்தலை ஒன்று குறைந்தாலும், கையெழுத்து விட்டுப்போனாலும், காசோலைத் தொகை சில சென்ட் பிசகினாலும் உறை திரும்பிவிடும். அது திரும்பி வந்து நாம் மறுபடி அனுப்புவதற்குள் '2ஜி' என்று எண்ணிட்ட மண்டலம் போன்றவற்றில் ஒதுக்கீடு தீர்ந்திருக்கும்.

சட்டம் மாறி, 2023-லிருந்து ஹண்ட்ஃபிஷ்பிஏ என்ற இணைய அமைப்பு வழியாக எந்த முகவரும் விற்கலாம் என்று ஆனது. அந்த ஜூன் 26 காலையில் நடந்ததுதான் பாடம். பழைய முறையில் வேலை பல அலுவலகங்களின் தபால் மேசைகளில் பல நாட்களுக்குப் பரவியிருந்தது. புது முறையில் ஒரே நாள், ஒரே நேரம். கடை வாசல்களிலும் வரிசை, இணையத்திலும் வரிசை. ஒவ்வொருவரும் பொது உரிமம், அம்பு வேட்டை, மஸில்லோடர் (குழல் வாய் வழியாக மருந்து நிரப்பும் துப்பாக்கி), கொம்பில்லா மான் என்று நாலைந்து சேர்த்து வாங்கியதால் ஒரு ஆளுக்கே பல நிமிடம். அடுத்த ஆண்டு, சீக்கிரம் தீரும் மண்டலங்களுக்கு ஒரு நாள், மற்றவற்றுக்கு வேறு நாள் என்று பிரித்த பிறகு நெரிசல் தணிந்தது.

விற்கும் உரிமையைத் திறப்பது ஒரு வேலை, ஒதுக்கீட்டுக்கான நாளைப் பரப்புவது இன்னொரு வேலை. முதலாவதை மட்டும் சட்டத்தில் எழுதிவிட்டு இரண்டாவதை மறந்தால் கோபம் முழுவதும் கவுன்டரில் நிற்கும் பையன் மேல்தான் விழும்.

டிரஷரர்கள் தரப்பில் ஒரு நியாயம் இருந்தது, அதையும் பதிவு செய்கிறேன். தபால் முறையில் காட்டுக்குள் இணையம் இல்லாத கிழவருக்கும், நகரத்தில் மூன்று திரை வைத்திருப்பவருக்கும் ஒரே வாய்ப்பு. அது இப்போது இல்லை.

வடமுனை:
இவ்வளவு சிக்கல் எதற்கு? எல்லாருடைய கையிலும் போன் இருக்கிறது. முழுக்க இணையத்துக்கு மாற்றிவிட்டால் முகவரே தேவையில்லை, பிணையும் தேவையில்லை, கமிஷனும் தேவையில்லை.

தூண்டில்முள்:
வடமுனை, மீன்பிடி உரிமத்துக்கு நீங்கள் சொல்வது ஓரளவு நடக்கும். போனில் பி.டி.எஃப். காட்டினால் பல மாநிலங்களில் போதும். மான் வேட்டைக்கு அப்படி இல்லை. அங்கே டேக் என்று ஓர் அடையாளச் சீட்டு உண்டு. மான் விழுந்ததும் அந்த இடத்திலேயே தேதி குறித்து அதன் உடலில் கட்ட வேண்டும். பல மாநிலங்களில் இணையத்தில் வாங்கினால் டேக் தபாலில் வரும், அதற்கு நாளாகும். அங்கெல்லாம் வெள்ளிக்கிழமை மாலை வாங்கி சனி விடியலில் காட்டுக்குள் போகிறவருக்குக் கடையைத் தவிர வழி கிடையாது. டெக்சாஸ் 2022-ல் டிஜிட்டல் சூப்பர் காம்போ (வேட்டையும் மீன்பிடியும் சேர்ந்த உரிமத்தின் மின்வடிவம்) கொண்டுவந்து ஆப்பிலேயே டேக் பதியலாம் என்று செய்தது நல்ல முயற்சிதான். ஆனால் அதை எடுத்தவருக்குத் தாள் டேக் கிடையாது, போனில் சார்ஜ் தீராமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு.

தாள் பற்றியும் ஒரு விஷயம். முகவர்கள் அரசு கொடுக்கும் முனையத்துக்குப் பதிலாகச் சொந்தக் கணினி, சொந்தப் பிரின்டர் வைத்துக்கொள்ளட்டும் என்பது நல்ல தளர்வு. 'வருஷத்துக்கு இத்தனை விற்றால்தான் முகவர்' என்ற விதியே, அரசு முனையத்தின் செலவை ஈடுகட்ட வந்ததுதான். முனையம் இல்லையென்றால் அந்த விதியும் வேண்டாம், ஏரி ஓரத்தில் வருஷத்துக்கு 40 உரிமம் விற்கும் கடையும் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் எந்தத் தாளில் அச்சடிப்பது என்பதை மட்டும் விட்டுவிடக் கூடாது.

இங்க்ஜெட்டில் சாதாரணத் தாளில் அடித்த டேக் ஒரு தூறலுக்குத் தாங்காது, எண் கரைந்து ஓடிவிடும். லேசர் பிரின்டர் மை தண்ணீருக்குக் கரையாது, ஆனால் தாள் கிழியும். டேக்கைக் கட்ட ஓட்டை போட்டால் அந்த இடத்தில்தான் முதலில் கிழியும். தெர்மல் தாள் என்றால் வேறு தொல்லை. உரிமம் கெடாமல் இருக்கட்டும் என்று லேமினேட் செய்யப் போகிறார்கள், சூடு பட்டதும் தாள் முழுக்கக் கறுத்துவிடும், ஓர் எழுத்து தெரியாது. கார் டேஷ்போர்டில் வெயிலில் கிடந்தாலும் அதே கதி. வினைல் பர்ஸில் வைத்தால் எதிர்மாறு: அந்த பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் வேதிப்பொருள் எழுத்தை மங்கடித்துவிடும். ஜிப் பைதான் சரி. கவுன்டரில் 'லேமினேட் செய்யாதீர்கள்' என்று ஒரு வரி சொல்லிக் கொடுத்தால் நகல் கேட்டு வருபவர்களில் பாதிப் பேர் குறைவார்கள்.

கூழைக்கடா:
ஏரிக்கரை சொன்ன ஐந்தாவது, அதாவது கேள்வி கேட்கும் கடமை. இதில்தான் எனக்குக் கவலை அதிகம்.

வாத்து, புறா, உட்காக் போன்ற வலசைப் பறவைகளை வேட்டையாட உரிமம் வாங்குபவரிடம் போன சீசனில் எந்தப் பறவை ஏறத்தாழ எத்தனை சுட்டீர்கள் என்று விற்பனையாளர் கேட்டுப் பதிய வேண்டும். ஹார்வெஸ்ட் இன்ஃபர்மேஷன் புரோகிராம், சுருக்கமாக ஹிப். 1998-லிருந்து ஹவாய் தவிர நாடு முழுக்க இருக்கிறது. பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது கவுன்டர் பையன் என்ன செய்கிறான்? கேட்காமலே எல்லாவற்றுக்கும் 'பூஜ்யம்' அழுத்தி அடுத்த திரைக்குப் போகிறான்.

'சும்மா ஒரு எண்ணிக்கைதானே, கொஞ்சம் பிசகினால் என்ன' என்பார்கள். இந்த விடைகளைக் கூட்டித்தான் மொத்தப் பறவை எண்ணிக்கை போடுகிறார்கள் என்று நினைப்பதால் வரும் பேச்சு இது. அப்படி இல்லை. இந்த விடைகளை வைத்து வேட்டைக்காரர்களை நிறையச் சுடுபவர், கொஞ்சம் சுடுபவர், சுடாதவர் என்று அடுக்குகளாகப் பிரிக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் கூட்டாட்சி மீன், வனவிலங்குத் துறை சிலரைத் தேர்ந்தெடுத்து விரிவான கணக்கெடுப்பு அனுப்புகிறது. 40 வாத்து சுட்டவரைப் பூஜ்ய அடுக்கில் போட்டால், அந்த அடுக்கிலிருந்து எடுக்கும் மாதிரியே கெட்டுப்போகிறது. அடுத்த ஆண்டு சீசன் எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை பறவை என்று முடிவு செய்பவர்கள் முன்னால் இந்தக் கணக்கும் இருக்கும்.

இங்கே எனக்கு ஏற்புடைய தளர்வு ஒன்றுதான்: இந்தக் கேள்விகளை முகவரிடமிருந்து எடுத்து, வாங்குபவரே போனிலோ இணையத்திலோ பதில் சொல்லிவிட்டு உறுதி எண்ணோடு வரும்படி செய்வது. கேள்வியையே விருப்பத்துக்கு விடுவது கூடாது.

வாத்து முத்திரையில் இப்படி ஒரு நல்ல மாற்றம் ஏற்கெனவே நடந்திருக்கிறது. 16 வயது நிரம்பிய வாத்து வேட்டைக்காரர்கள் 25 டாலருக்கு வாங்க வேண்டிய கூட்டாட்சி முத்திரை அது. மின்முத்திரை முன்பு 45 நாளுக்குத்தான் செல்லும், அதற்குள் தபாலில் அசல் வர வேண்டும். 2023 டிசம்பரில் வந்த சட்டம் அதை ஜூன் 30 வரை முழு சீசனுக்கும் செல்லுபடியாக்கியது. 'என் முத்திரை இன்னும் வரலை' என்று கடைக்கு வரும் கூட்டம் இதனால் குறைந்தது. முத்திரை விற்ற பணத்தில் ஒரு சென்ட்கூட இதனால் குறையவில்லை.

கணக்குப்பிள்ளை:
கூழைக்கடா சொன்னதோடு பணக் கணக்கையும் சேருங்கள். கவுன்டரில் தட்டும் தரவு நேராகக் கூட்டாட்சி நிதியில் போய் முட்டுகிறது.

1937-ன் பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா, வில் சாதனங்கள் மேல் வரி. 1950-ன் டிங்கல்–ஜான்சன் சட்டப்படி மீன்பிடிச் சாதனங்கள் மேல் வரி. அந்தப் பணம் மாநிலங்களுக்குப் பிரிகிறது. வனவிலங்கு மீட்பு நிதியில் பாதி பரப்பளவை வைத்து, பாதி கட்டண உரிமம் வைத்திருக்கும் வேட்டைக்காரர் எண்ணிக்கையை வைத்து. மீன் நிதியில் 40 சதவீதம் பரப்பளவு, 60 சதவீதம் உரிமதாரர் எண்ணிக்கை. மாநிலம் ஒவ்வொரு வருஷமும் அந்த எண்ணிக்கைக்குச் சான்று கொடுக்க வேண்டும். உரிமங்களை எண்ணக் கூடாது, ஆட்களை எண்ண வேண்டும். ஒருவர் மூன்று உரிமம் வாங்கினாலும் ஒரு ஆள்தான்.

இதை விற்பனையாளர் எப்படிக் கெடுக்கிறார்? பழைய வாடிக்கையாளரைத் தேடாமல் புதுப் பதிவு தொடங்கிவிடுகிறார். பெயர் எழுத்து ஒன்று மாறி, முகவரி மாறி, ஒரே ஆளுக்கு இரண்டு வாடிக்கையாளர் எண். சான்று கொடுக்கும்போது மாநிலம் இந்த இரட்டைகளைக் களைய வேண்டும். களைவதற்குப் பிறந்த தேதியும் அடையாள எண்ணும்தான் பிடிமானம். அவற்றைக் கேட்கத் தேவையில்லை என்று தளர்த்திவிட்டால் எதை வைத்துக் களைவது? ஓட்டுநர் உரிமத்தின் பார்கோடை ஸ்கேன் செய்வது கட்டாயம் என்று வைத்தால் தட்டச்சுப் பிழை போய்விடும், நேரமும் மிச்சம். தளர்வு என்ற பெயரில் வருவதைவிட இது கடைக்காரருக்கு அதிகம் உதவும்.

இன்னொன்று. உரிம வருமானத்தை வனவிலங்குத் துறையின் வேலைக்குத் தவிர வேறெதற்கும் திருப்பக் கூடாது என்பது அந்த நிதிக்கான அடிப்படை நிபந்தனை. 'முகவர்களிடம் வசூலாகாத பாக்கியைத் தள்ளுபடி செய்யலாம்' என்று எந்த மசோதாவிலாவது வாசகம் இருந்தால் அங்கே சிவப்புக்கோடு போடுங்கள்.

ஏரிக்கரை:
சோஷியல் செக்யூரிட்டி எண்ணை (கூட்டாட்சி அரசு ஒவ்வொருவருக்கும் தரும் அடையாள எண்) பற்றி அடிக்கடி சண்டை வருகிறது. மீன் பிடிக்க எதற்கு இந்த எண் என்று வாடிக்கையாளர் கத்துவார். இது மாநிலத்தின் விருப்பம் இல்லை. குழந்தைப் பராமரிப்புத் தொகை பாக்கி வைத்திருப்பவர்களைப் பிடிக்க 1996-97-ல் வந்த கூட்டாட்சிச் சட்டங்கள் பொழுதுபோக்கு உரிமங்களுக்கும் இதைக் கட்டாயமாக்கின. மாநில சட்டமன்றம் தானாக எடுத்துவிட முடியாது.

தளர்த்தக்கூடியது அதை வாங்கும் விதம். வாடிக்கையாளர் சத்தமாகச் சொல்ல, பின்னால் நிற்பவர் கேட்க, விற்பனையாளர் துண்டுத்தாளில் குறிக்க: இதுதான் ஆபத்து. வாடிக்கையாளரே எண்பலகையில் தட்டட்டும், திரையில் கடைசி நான்கு எண் மட்டும் தெரியட்டும். ஒருமுறை பதிவாகிவிட்டால் மறுவருஷம் கேட்கவே வேண்டாம்.

வடமுனை:
ஹிப் விவகாரமும் டேக் விவகாரமும் நான் யோசிக்காதவை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கவுன்டரில் நிற்கும் பகுதிநேரப் பையன் இத்தனையும் சரிபார்க்க முடியுமா? குடியிருப்பு, வேட்டைப் பயிற்சிச் சான்று, தடை... தவறாக விற்றால் யார் பொறுப்பு?

மலைமுகடு:
மூன்றும் வேறு வேறு, வடமுனை.

தடை என்பது அமைப்பே பார்த்துக்கொள்வது. 1989-ல் கொலராடோ, நெவாடா, ஓரிகன் தொடங்கிய மாநிலங்களுக்கிடையிலான ஒப்பந்தத்தில் இன்று ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் இருக்கின்றன. ஓரிடத்தில் உரிமம் பறிக்கப்பட்டவருக்கு மற்ற இடத்திலும் திரை பூட்டிக்கொள்ளும். விற்பனையாளர் காரணம் சொல்ல வேண்டியதில்லை, துறையின் தொலைபேசி எண்ணைக் கொடுத்தால் போதும். வேறு பிறந்த தேதி போட்டுப் புதுப் பதிவு தொடங்கி 'உதவி' செய்வதுதான் பெரிய குற்றம்.

பயிற்சிச் சான்று பிறந்த தேதியைப் பொறுத்தது. டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ பிறகோ பிறந்தவர், விஸ்கான்சினில் 1973 ஜனவரி 1 முதல், கொலராடோவில் 1949 ஜனவரி 1 முதல். வெளிமாநில அட்டை கொண்டுவருவார்கள், ஏற்கலாம். அட்டையைக் கண்ணால் பார்த்து எண்ணைப் பதிய வேண்டும். டெக்சாஸில் 17 வயது நிரம்பியவர் 10 டாலருக்கு ஒருமுறை மட்டும் பயிற்சியைத் தள்ளிப்போடும் வசதி உண்டு. அதைச் சொல்லாமல் திருப்பி அனுப்பும் கடைகள் இருக்கின்றன.

குடியிருப்புதான் உண்மையிலேயே விற்பனையாளர் தலையில் விழுவது. டெக்சாஸிலும் கலிபோர்னியாவிலும் 6 மாதம் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். ஓட்டுநர் உரிமம் புதிதாக எடுத்து இரண்டு மாதம்தான் ஆகிறது என்றால் அட்டை உள்ளூர்தான், ஆள் உள்ளூர்க்காரர் ஆகவில்லை. 25-க்கும் 315-க்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் பொய்யை வரவழைக்கிறது. இதற்கு விற்பனையாளரைப் பொறுப்பாளி ஆக்குவது நியாயமில்லை. வாங்குபவர் திரையில் உறுதிமொழி படித்துக் கையெழுத்திடட்டும், பொய் என்றால் தண்டனை அவருக்கு. முகவர் தெரிந்தே செய்தால் மட்டும் அவருக்கு. இந்தத் தளர்வைச் சட்டத்தில் தெளிவாக எழுத வேண்டும்.

தூண்டில்முள்:
தவறாக அடித்துவிட்டால் ரத்து செய்யும் முறையும் எழுதுங்கள். புதிதாக முகவராகிறவர்கள் அதிகம் பணம் இழப்பது அதில்தான்.

கணக்குப்பிள்ளை:
ரத்து பெரும்பாலும் அன்றைய நாளுக்குள்தான் முடியும், சில இடங்களில் அதைவிடக் குறைந்த நேரம். அச்சான தாள் முழுவதும் கையில் இருக்க வேண்டும், டேக் உட்பட. வாடிக்கையாளர் டேக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டால் ரத்து செய்யாதீர்கள். அது செல்லும் டேக் போலவே காட்டில் பயன்படும், கேள்வி உங்களிடம் வரும்.

வரிசை இப்படி: அச்சடிக்கும் முன் பெயர், பிறந்த தேதி, உரிம வகை, தொடங்கும் தேதி நான்கையும் வாடிக்கையாளருக்குத் திரையில் காட்டி வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கலிபோர்னியா மீன்பிடி உரிமம் 2023-லிருந்து தொடங்கும் தேதி முதல் 365 நாள் என்று மாறியதால் அங்கே தேதிப் பிழைதான் அதிகம். அடுத்த மாதம் தொடங்க வேண்டியதை இன்றைக்குத் தொடங்கிவிடுவார்கள். தவறு தெரிந்தால் முதலில் தாளை வாங்குங்கள், பிறகு ரத்து, ரத்து ரசீது அச்சாகி வந்த பிறகுதான் பணத்தைத் திருப்புங்கள். பணத்தை முதலில் கொடுத்து ரத்து மறுக்கப்பட்டால் வாரக் கடைசியில் அந்தத் தொகை உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். ரத்தான தாளின் குறுக்கே கோடு போட்டு, ரசீதோடு பின் செய்து, அடுத்த தணிக்கை முடியும் வரை வைத்திருங்கள்.

நேரம் தாண்டிவிட்டால் கவுன்டரில் எதையும் சரிசெய்யப் பார்க்க வேண்டாம். வாடிக்கையாளர் எண்ணையும் பரிவர்த்தனை எண்ணையும் எழுதிக் கொடுத்து, துறைக்கே அனுப்பிவிடுங்கள்.